நம் கரையில் நாக்கு மீனுக்கென்று தனி வலை போடலாமா?

கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கம் கண்ணாடியிழைப் படகு ஒன்று வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வட ஐரோப்பாவில் தட்டை மீன்களை வலையில் தொன் கணக்காக அள்ளும் காணொளிகளைப் பார்த்தாராம். நம் கடலிலும் நாக்கு மீனும் எருமை நாக்கும் இருக்கின்றனவே, அவற்றுக்கென்று வலை போட்டால் என்ன, வலைக் கண் எத்தனை இஞ்சி வேண்டும், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் வலையைப் படுக்க வேண்டும், அது சரிவராவிட்டால் சிறிதாக ஒரு இழுவை மடி, அதாவது படகால் கடலடியில் இழுக்கும் பை வலை, செய்து இழுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கேட்டிருப்பது வலைக் கண்ணைப் பற்றி. அதற்கு அடியில் இருப்பது, ஒரு படகும் இரண்டு ஆட்களும் இந்த மீனை நம்பி மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்ற கவலை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மீனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நண்டுக்கும் திருக்கைக்கும் படுக்கும் வலையைச் சற்று மாற்றிக் கட்டி, இதையும் சேர்த்துப் பிடிக்கலாம்.

நான் வலைத் தொழில்நுட்பம் படித்தவன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை வலை கட்டுகிறவர்களோடும் கடலுக்குப் போகிறவர்களோடும் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். அடியில் படுக்கும் வலையைப் பற்றிக் கீழே சொல்பவை கையால் கட்டிப் போட்டுப் பார்த்தவை. ஐரோப்பாவில் வட கடல் என்று சொல்லும் கடலின் இழுவைக் கப்பல்களில் நான் ஏறியதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்பவை படித்து அறிந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் மீனின் குணம். குஞ்சுப் பருவத்தில் தட்டை மீனும் மற்ற மீன்களைப் போலத்தான் நிமிர்ந்து நீந்துகிறது. பக்கத்துக்கு ஒரு கண். வளரும்போது ஒரு கண் மண்டையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பிறகு கண்ணில்லாத பக்கத்தைக் கீழே வைத்து மணலில் படுத்துக்கொள்கிறது. நாக்கு மீன்களுக்கு இரு கண்களும் இடப் பக்கத்தில் இருக்கும். எருமை நாக்கில் மட்டும் சிலவற்றுக்கு இடத்திலும் சிலவற்றுக்கு வலத்திலும் இருக்கும். விஞ்ஞானிகள் அதைத் தட்டை மீன்களில் மிகப் பழைய வகை என்கிறார்கள். அரை மீற்றருக்கு மேலும் வளரும், கூரிய பல் உண்டு, மீனைத் துரத்திப் பிடித்துத் தின்னும், தேவைப்பட்டால் நிமிர்ந்தும் நீந்தும். நாக்கு மீன் வேறு சாதி. சேற்று மணலில் புழுவும் சிறு இறாலும் தேடித் தின்பது, பகலில் பெரும்பாலும் மணலுக்குள் கிடப்பது, இரவில் அசைவது. இரண்டையும் ஒரே வலையில் பிடிக்க நினைக்கும்போதே தொல்லை ஆரம்பிக்கிறது.

மணலுக்குள் கிடக்கும் மீனை வலைக்குக் கொண்டுவர இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, போய்க் கிளப்புவது. மற்றது, அது தானாக எழுந்து திரியும் நேரத்தில் வழியில் வலையை வைத்துவிட்டுக் காத்திருப்பது. நீங்கள் காணொளியில் பார்த்தது முதல் வழி. மடியின் வாயை விரித்து வைக்கக் குறுக்கே ஒரு நீண்ட இரும்புக் குழாய், அதன் இரு முனைகளிலும் தரையில் வழுக்கிச் செல்லும் சட்டம், வாய்க்கு முன்னால் வரிசையாகக் கனத்த சங்கிலிகள். சங்கிலி மணலைக் கிளறும், மீன் துள்ளி எழும், பின்னால் வரும் மடி விழுங்கும். வட கடலின் பெரிய கப்பல்கள் பக்கத்துக்கு ஒன்றாக 12 மீற்றர் நீளக் குழாய் வைத்த இரண்டு மடிகளை இழுக்கின்றன. உங்கள் படகின் வெளியிணைப்பு இயந்திரம் அந்தச் சங்கிலியைக்கூட நகர்த்தாது.

அங்கேயே அந்த முறைக்கு நல்ல பெயர் கிடையாது. காரணம் வலைக் கண்ணின் அளவில் இருக்கிறது. சோல் என்ற மீன் ஒடுக்கமானது, வளைந்து நழுவக்கூடியது. அதை நிறுத்த வட கடலின் தென்பகுதியில் 80 மில்லிமீற்றர் கண் போடுகிறார்கள். அதே தரையில் பிளேஸ் என்ற அகன்ற மீனும் கிடக்கிறது. அதைக் கரைக்குக் கொண்டுவரச் சட்டப்படி 27 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். 80 மில்லிமீற்றர் கண்ணோ அதைவிட மிகச் சிறிய பிளேஸையும் பிடித்துவிடும். ஒரு மீனுக்குச் சரியான கண் இன்னொரு மீனின் குஞ்சுக்கு எமன். அந்தக் குஞ்சுகளைக் காப்பதற்காகவே 1989இல் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்துக் கரைகளையொட்டி ஒரு பெரிய பரப்பில் பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். சங்கிலிக்குப் பதிலாக மின்துடிப்பால் மீனைக் கிளப்பும் முறை வந்தது. அதையும் 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது.

கிளப்பும் வழியில் இன்னொன்றும் உண்டு, அது எனக்குப் பிடித்தமானது. 1848இல் டென்மார்க்கின் லிம்ஃபியோர்ட் என்ற நீரேரியில் ஜென்ஸ் வேவர் என்பவர் கண்டுபிடித்தது. நங்கூரமிட்ட இடத்திலிருந்து நீண்ட கயிற்றைக் கடலடியில் வளைத்து விட்டு, நடுவில் வலையை வைத்து, மறுபக்கக் கயிற்றோடு நங்கூரத்துக்கே திரும்பி வந்து மெதுவாக இழுப்பார்கள். தட்டை மீன் கயிற்றைக் கண்டதும் வெகுதூரம் ஓடாது. கொஞ்சம் நீந்தி மறுபடி படுத்துவிடும். கயிறு மீண்டும் நெருங்கும், மீண்டும் கொஞ்சம் நீந்தும். இப்படியே அதை வலையின் வாய்க்கு மேய்த்துக் கொண்டுவருகிறார்கள். மீன் கயிற்றைப் பார்க்க வேண்டும் என்பதால் இது பகல் வேலை. நம் கரைவலை செய்வதும் ஏறக்குறைய இதுதான். நங்கூரத்துக்குப் பதிலாகக் கரையில் ஆட்கள் நிற்கிறார்கள். கல்லடியிலோ நிந்தவூரிலோ கரைவலை இழுக்கும்போது கீரிக்கும் நெத்தலிக்கும் நடுவே நாலைந்து நாக்கு மீன் கிடப்பது இதனால்தான். டென்மார்க்கின் கடனுதவியில் ஒலுவில் துறைமுகத்தைக் கட்டி 2013இல் திறந்தோம், வாயில் மண் மூடியது. அந்த நாட்டிலிருந்து இந்த வலையை வாங்கியிருந்தால் செலவாவது குறைந்திருக்கும். ஆனால் அதற்கும் பெரிய படகும், கயிறு சுற்றும் பொறியும், பக்கத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் கயிறும் வேண்டும். உங்களுக்கு ஆகாது.

இனி இழுவை மடி. இதில் இடக்கு முடக்கு எதுவும் இல்லை: கூடாது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் இலங்கைக் கடலில் அடிமட்ட இழுவையை முழுவதும் தடை செய்திருக்கிறது. படகு சிறியது, மடி சிறியது என்பதெல்லாம் வாதமாகாது. வடக்கில் இந்திய இழுவைப் படகுகளால் நம்மவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகும் இந்த யோசனை வருவது எனக்கு விளங்கவில்லை. சட்டத்தை விடுங்கள், நம் தரையும் அதற்கு ஒத்துவராது. பாக்கு நீரிணையைப் போன்ற அகன்ற ஆழமற்ற கடல் நமக்கு இல்லை; கிழக்கில் கண்டமேடை, அதாவது கரையையொட்டிய ஆழமற்ற கடலடி, ஒடுக்கமானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கடல் மைலில் கிடக்கிறது. அங்கேயே ஆழம் 50 மீற்றரைத் தாண்டிவிடுகிறது, அதாவது 28 பாகம் அளவில். இடையில் மணல் இருக்கிறது, ஆனால் தொடர்ச்சியாக இல்லை; பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) கல்லும் குறுக்கிடுகின்றன. ஐரோப்பாவில் தட்டை மீன் தொழிலாக வளர்ந்தது அங்கே நாட்கணக்கில் இழுக்க மணல்வெளி இருந்ததால். நம் கரையில் அந்த மீன் வாழும் இடமே மெல்லிய பட்டை பட்டையாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணமே ‘நம்பிப் போகாதீர்கள்’ என்று நான் சொல்வதற்குப் போதும்.

ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது காத்திருக்கும் வலை. இங்கே பலர் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. சூரையோ பாரையோ வலைக் கண்ணுக்குள் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டும். அதனால் கண் அளவை மீனின் சுற்றளவுக்குப் பொருத்திக் கணக்கிடலாம். தட்டை மீன் அப்படி மாட்டாது. அதன் உடல் அகலமானது, மெல்லியது. விறைப்பாக நிற்கும் வலையில் மூக்கை இடித்துவிட்டு ஓரமாக நழுவிப் போய்விடும். அதற்கு வலை தொளதொளவென்று தொங்க வேண்டும். மீன் புரளும்போது வலை அதன்மேல் விழுந்து சுற்றிக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவிலும் டர்பட் என்ற பெரிய தட்டை மீனுக்கு இப்படித் தளர்வான, பெரிய கண் வலைதான் போடுகிறார்கள். கருங்கடலில் சட்டப்படி 400 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது.

தளர்வை எப்படிக் கொண்டுவருவது? இழுத்து நீட்டினால் 100 மீற்றர் வரும் வலையை வழக்கமாக 50 மீற்றர் கயிற்றில் கட்டுவோம். தட்டை மீனுக்கு அதே வலையை 35 முதல் 40 மீற்றர் கயிற்றுக்குள் கட்டுங்கள். செலவு கூடும், வலை அவலட்சணமாகத் தெரியும், வலை கட்டுகிற மூத்தவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. உயரம் ஒன்று, ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம். இந்த மீன் அதற்கு மேல் எழும்புவது அரிது, உயரம் கூடினால் தேவையில்லாத மீனும் குப்பையும்தான் கூடும். 5 இஞ்சிக் கண்ணில் மேலிருந்து கீழாக 12 கண் வைத்தால், இந்தத் தளர்வில் வலை ஏறத்தாழ 1.4 மீற்றர் நிற்கும். மிதவை குறைவாக, ஈயம் கூடுதலாகப் போடுங்கள். அடிக்கயிறு தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எங்காவது ஒரு சாண் தூக்கி நின்றால் மீன் அந்த வழியால் போய்விடும். மேற்கயிறு நீரோட்டத்தில் சற்றுச் சரிந்தால் கவலைப்படாதீர்கள், சரிந்த வலையிலும் இது சிக்கும்.

கண் அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எருமை நாக்குக்கு 5 இஞ்சி என் தெரிவு; 6 இஞ்சியும் சரி. நாக்கு மீனுக்கு அது செல்லாது, ஒடுக்கமான உடல், நழுவிவிடும். அதற்கு 3 இஞ்சிக்கு இறங்க வேண்டும், அல்லது மூன்று அடுக்கு வலை போட வேண்டும். மூன்று அடுக்கு வலையில் இரு வெளிப்புறமும் பெரிய கண். நடுவில் சிறிய கண்ணுள்ள வலை வெளி வலைகளைவிட உயரமாக, தாராளமாக மடிந்து தொங்கும். மீன் நடு வலையைத் தள்ளிக்கொண்டு மறுபக்கப் பெரிய கண்ணுக்குள் போகும்போது தானே ஒரு பையைச் செய்து அதற்குள் விழுகிறது. பிரான்ஸ் பக்கம் சோல் பிடிக்க இதுதான் முக்கிய வலை. நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. நன்றாகப் பிடிப்பதுதான் எனக்குப் பயமும்; அந்த வலை ஆள் பார்ப்பதில்லை, நண்டுக் குஞ்சு முதல் எல்லாவற்றையும் அள்ளும், பிரித்தெடுக்க விடிந்து மத்தியானம் ஆகும். 3 இஞ்சிக்குக் கீழே எந்த அடுக்கிலும் போகாதீர்கள் என்பது என் கட்டாய ஆலோசனை.

நூல் விடயத்தில் சட்டத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டில் இந்த மீனுக்கு ஒற்றை இழை வலை, அதாவது நம்மவர் தங்கூசி வலை என்பது, தாராளமாகப் பாவிக்கிறார்கள். இலங்கையில் அது தடை செய்யப்பட்டது. முறுக்கிய நைலோன் நூலே எடுங்கள். தட்டை மீனுக்கு மென்மையான முறுக்கு நூல் இன்னும் நன்றாகச் சுற்றிக்கொள்ளும், இரவில் அது கண்ணுக்குத் தெரிவதும் பெரிய குறையில்லை. பவளப் பார்களிலும் கற்களிலும் செவுள் வலையோ மூன்று அடுக்கு வலையோ போடுவதும் கூடாது. பாசிக்குடா, கல்குடாப் பார்களும், சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காயான்கேணியும் அப்படி விலக வேண்டிய இடங்கள். வலை வாங்கக் காசு கொடுக்கும் முன்பே உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் வலையின் விவரத்தைச் சொல்லி அனுமதி பெறுங்கள். வாங்கிவிட்டுக் கேட்பது வீண்.

இடம். முகத்துவாரங்களுக்கு வெளியே, வெள்ளம் கொண்டுவந்த சேறு மணலோடு கலந்து கிடக்கும் தரையைத் தேடுங்கள். மாரி மழையில் பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று முகத்துவாரமும் உடைத்துக்கொண்டு வாவித் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுகின்றன. அந்தச் சேற்றில்தான் நாக்கு மீன் தின்னும் புழுவும் சிறு இறாலும் பெருகுகின்றன. வாடை அடங்கிக் கடல் இறங்கவிடும் பெப்ரவரி, மார்ச் தொடங்கி 5 முதல் 10 பாகத்தில் நாக்கு மீனுக்கும், 10 முதல் 20 பாகத்து வெறும் மணலில் எருமை நாக்குக்கும் போட்டுப் பாருங்கள். தரையை அறியக் கருவி இல்லையென்றால் பழைய முறை போதும்: ஈயக்குண்டின் அடியில் சவர்க்காரமோ கிறீஸோ அப்பிக் கயிற்றில் இறக்கினால் மணலா சேறா என்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் அடி நசுங்கி வந்தால் கல். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நேரம், பொழுது சாயப் படுத்து விடியுமுன் எடுப்பது. இதில் எனக்கு உறுதி உண்டு. நம் தண்ணீரின் சூட்டில் வலையில் செத்த மீன் வெகு சீக்கிரம் கெடும். கடற்பேனும் நண்டும் கண்ணிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தின்னத் தொடங்கிவிடும். குளிர்நாட்டில் ஒரு பகலும் இரவும் விட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கே அப்படி விட்டால் தோலும் முள்ளும்தான் கிடைக்கும். நிலவு நாளில் நாக்கு மீன் படாது என்று மருதமுனையிலும் சொல்வார்கள், வாகரையிலும் சொல்வார்கள். வெளிச்சத்தில் நூல் தெரியும் என்பது ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் அதே நாட்களில் நீரோட்டமும் மாறுகிறது, காரணம் எதுவென்று பிரித்துச் சொல்ல எளிதில்லை. இதை நான் விதியாக எடுத்துக்கொள்வதில்லை. வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே படுக்காதீர்கள் என்பதை மட்டும் விதியாகவே சொல்வேன். தளர்வான வலை குறுக்கே கிடந்தால் காலையில் கயிறாகத் திரிந்து கிடக்கும்.

பெரிய கண் தளர்வலைக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. ஆமை சுற்றிக்கொண்டால் மூச்சு விட மேலே வர முடியாமல் செத்துவிடும். இலங்கைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரி, பொத்துவில் கரைகளில் அவை முட்டையிட ஏறுகின்றன. அந்தப் பக்கம் ஆமை ஏறும் காலத்தில் இந்த வலை வேண்டாம். மற்ற இடங்களிலும் படுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உறங்காமல் அருகிலேயே இருந்து, இடையில் ஒருமுறை ஓடிப் பார்ப்பது நல்லது. முனைகளில் நல்ல அடையாள மிதவையும் விளக்கும் கட்டுங்கள். தொலைந்த நைலோன் வலை கடலடியில் கிடந்து பிடித்துக்கொண்டேயிருக்கும்.

கடைசியாகக் காசு. எட்டுத் துண்டு, பத்துத் துண்டு என்று ஒரேயடியாகக் கட்டாதீர்கள். உங்களிடம் நண்டு வலை இருக்கிறது என்று நினைக்கிறேன்; அதோடு 5 இஞ்சித் தளர்வலை இரண்டு துண்டை முனையில் முடிந்து ஒரு பருவம் போட்டுப் பாருங்கள். நண்டும் திருக்கையும் மண்ணெண்ணெய்ச் செலவைப் பார்த்துக்கொள்ளும், தட்டை மீன் மேல்வரும்படி. நம் சந்தையில் நாக்கு மீனைக் கலப்பு மீனோடு கொட்டி ஏலம் கூறுவார்கள், அந்த விலைக்கு விற்றால் தனி வலை கட்டிய காசு திரும்பாது. வாங்கக்கூடியவர்கள் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உள்ள விடுதிச் சமையலறைகளில் இருக்கிறார்கள். வெளிநாட்டவருக்குப் பழகிய மீன், முள் ஒரே வரிசையில் இருப்பதால் மேலே இரண்டு கீழே இரண்டு என்று நான்கு முள்ளில்லாத் துண்டுகள் எடுக்கலாம். நாக்கு மீனை வாற்பக்கம் கீறித் தோலை ஒரே இழுப்பில் உரித்துவிடலாம். எடுத்தவுடன் குடலை நீக்கி ஐஸில் வைத்துக் காலையிலேயே சேர்க்க முடியுமானால் மட்டும் பேச்சுக் கொடுங்கள். கிழமைக்கு எத்தனை கிலோ எடுப்பார்கள், என்ன விலை என்பதை வலைக்கு நூல் வாங்குவதற்கு முன் பேசி முடியுங்கள். ஒரு விடுதியும் சம்மதிக்கவில்லையென்றால் அந்த இரண்டு துண்டையும் கட்ட வேண்டாம், நண்டு வலையோடு நில்லுங்கள்.